சங்கப் படிவத்தில் கையெழுத்திடும் முன்: ஆலைத் தொழிலாளர்க்கு ஒரு வழிகாட்டி

ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனிப் பேருந்தில், பக்கத்து இருக்கைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஓர் உறுப்பினர் படிவத்தை உங்களிடம் நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிவெடுக்க உங்களுக்குச் சில நாள்கள்தான் இருக்கும். சங்கம் வந்தால் ஆலையே மூடிப்போகும் என்று மேற்பார்வையாளர் சொல்வார், சங்கம் இல்லாவிட்டால் நாம் அடிமைகள்தான் என்று நண்பர் சொல்வார், இ.எம்.ஐ. யார் கட்டுவது என்று வீட்டில் கேட்பார்கள். மூன்று பேச்சிலும் உண்மை உண்டு, ஆனால் மூன்றுமே உங்கள் ஆலையைப் பற்றியோ, உங்களிடம் படிவம் நீட்டும் அந்தக் குறிப்பிட்ட சங்கத்தைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. அதை நீங்களேதான் விசாரித்து அறிய வேண்டும். எப்படி விசாரிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர்ப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். சில ஆண்டுகள் சங்கச் செயற்குழுவிலும் இருந்திருக்கிறேன். ஆகவே நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சங்கம் வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தவன்தான். ஆயினும், எந்தச் சங்கம், என்ன விலைக்கு என்று கேட்காமல் சேர்ந்தவர்கள் பின்னால் பட்ட பாட்டையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

சங்கமா, குழுவா?

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, உங்களிடம் வருவது பதிவுபெற்ற தொழிற்சங்கமா, அல்லது நிர்வாகமே அமைத்த தொழிலாளர் குழுவா என்பது. கேன்டீன் சாப்பாடு, பேருந்து வழித்தடம், கழிப்பறைச் சுத்தம் போன்றவற்றைப் பேசுவதற்குக் குழு போதும், சில இடங்களில் அது சங்கத்தைவிட விரைவாகவே காரியத்தை முடித்துத் தரும். ஆனால் குழு உங்களுக்காக வழக்காடாது. அதற்குத் தனி நிதியும் இல்லை, நிர்வாகத்தைச் சாராத உயிரும் இல்லை. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் நடுவே, நிறுவனம் ஒரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு கண்டதாக அறிவிக்கப்பட்ட பின்னும் பந்தல் கலையவில்லை. வெளியே அமர்ந்திருந்தவர்கள் கேட்டது சலுகைகளின் பட்டியலை மட்டுமன்று; தாங்கள் தேர்ந்தெடுத்த சங்கத்தோடு பேச வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. 37 நாள்களுக்குப் பிறகு அமைச்சர்கள் முன்னிலையில் நடந்த பேச்சில் போராட்டம் முடிந்தது. சங்கத்துக்குப் பதிவு கிடைத்ததோ, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் வந்த பிறகு, 2025 ஜனவரியில்தான்.

சங்கமே இல்லாத இடத்தில் குறைகள் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2021 டிசம்பரை நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழியர் என்ன ஆனார்கள் என்ற சரியான தகவல் கிடைக்காத நிலையில், மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். விடுதிச் சமையலறையைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் புகார் கொடுத்துப் பதில் கேட்க ஓர் அமைப்பு இருந்திருந்தால், அந்தப் பேச்சு நெடுஞ்சாலை வரை வந்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சங்கத்தால் கிடைக்கும் நன்மைகளில் நிர்வாகத்துக்கும் பயன்படுகிற நன்மை இதுதான்: யாரிடம் பேசுவது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும்.

ஒப்பந்தத் தாளைப் படிக்கும் முறை

சங்கத்தின் தரத்தை அதன் கொடியின் நிறத்தைக் கொண்டோ வாயிற்கூட்டப் பேச்சைக் கொண்டோ அளக்காதீர்கள். அந்தச் சங்கம் கடைசியாகக் கையெழுத்திட்ட ஊதிய ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். உங்கள் ஆலையில் சங்கம் புதிது என்றால், அதே தலைமை பக்கத்து ஆலையில் போட்ட ஒப்பந்தத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

தாள் கைக்கு வந்தவுடன் எல்லாரும் மொத்தத் தொகையைத்தான் பார்ப்பார்கள். எடுத்துக்காட்டாக, மூன்றாண்டுக்கு மாதம் ₹9,000 உயர்வு என்று சுவரொட்டியில் போட்டிருக்கும். உள்ளே படித்தால் முதலாண்டு ₹5,000, இரண்டாம் ஆண்டு ₹2,000, மூன்றாம் ஆண்டு ₹2,000 என்று பிரித்திருப்பார்கள். அப்படியானால் 36 மாதத்தில் உங்கள் கைக்கு வருவது ₹2,52,000. சுவரொட்டியைப் படித்தவர் மனத்தில் போட்ட கணக்கு ₹3,24,000. இடையில் உள்ள ₹72,000 யாரும் திருடிக்கொண்டதன்று, பிரித்துக் கொடுப்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கந்தான். ஆயினும் அதை வாயிற்கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்ன சங்கத்தையும் சொல்லாமல் விட்ட சங்கத்தையும் நீங்கள் ஒன்றாக எண்ணக் கூடாது.

அடுத்து, அந்த உயர்வில் எவ்வளவு அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறது, எவ்வளவு படிகளாகப் போகிறது என்று பாருங்கள். ஓர் ஒப்பந்தம் ₹9,000 தந்து அதில் ₹2,000 மட்டும் அடிப்படையில் சேர்க்கிறது; இன்னொன்று ₹8,800 தந்து ₹5,000 சேர்க்கிறது என்றால், பேருந்தில் பேசுகிறவர்கள் முதலாவதைத்தான் புகழ்வார்கள். ஆனால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கிடப்படுவது, ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம் என்ற வகையில், மாதத்தை 26 நாளாக வைத்து. அடிப்படையில் ₹3,000 கூடுதலாக இருந்தால், 20 ஆண்டு முடித்து வெளியேறுகிறவருக்கு அதனால் மட்டும் ₹34,615 கூடும். முழு ஊதியத்துக்கும் பி.எஃப். கட்டும் நிறுவனமாக இருந்தால், நிர்வாகத்தின் 12 சதவீதப் பங்காக மாதம் ₹360 மேலும் சேரும். மாதம் ₹200 குறைவாக வாங்கியதை அதுவே ஈடுகட்டிவிடும். ஓ.டி. கணக்கும் கூடவே உயரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பங்கும் ஊதியமாகவே கணக்கிடப்படும் என்பதால், படிகளைப் பெருக்கிக்காட்டும் பழைய வித்தைக்கு இடம் குறைந்திருக்கிறது. முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை.

பிறகு இணைப்புகளைப் படியுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஆலையில் ஒரு முறை ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 'இணைப்பு 3இல் கண்டுள்ள உற்பத்தி அளவுக்கு உட்பட்டு' என்று ஒரே ஒரு வரி இருந்தது. வாயிற்கூட்டத்தில் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டியவர் இணைப்புகளை வாசிக்கவில்லை; செயற்குழுவில் இருந்த நானும் கேட்கவில்லை. இனிப்பு கொடுத்துக் கலைந்தோம். அடுத்த மாதம் லைனில் ஒரு ஷிப்டுக்கு 410 என்றிருந்த எண்ணிக்கை 460 ஆயிற்று. கேட்டதற்கு, நீங்கள் போட்ட கையெழுத்துத்தான் என்று காட்டினார்கள். உற்பத்தியை உயர்த்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை, புதிய இயந்திரம் வந்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். எவ்வளவு கூடுகிறது, எத்தனை ஆள் குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டு சம்மதிப்பதும், சம்பளம் வாங்கிய பின் தெரிந்துகொள்வதும் வேறு வேறு.

ஒப்பந்தத்தின் முகப்பில் அது யார் முன்னிலையில் கையெழுத்தானது என்றும் பாருங்கள். பழைய சட்டப் பிரிவுகளின் எண்களையே இன்றும் பெயராகச் சொல்வது வழக்கம்: தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்படுவது 'பன்னிரண்டு மூன்று', இரு தரப்பும் தனியே போட்டுக்கொள்வது 'பதினெட்டு ஒன்று'. முன்னது ஆலையில் உள்ள எல்லாத் தொழிலாளரையும், பின்னால் சேர்கிறவர்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். பின்னது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே. சங்கத்தில் சேராதவருக்கும் 'பன்னிரண்டு மூன்றின்' பலன் கிடைக்கும் என்பதால், நான் ஏன் சந்தா கட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லா ஆலையிலும் உண்டு. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, ஆனால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஒன்று தங்கள் பெயருக்கு வரும் நாளில் அவர்கள் முதலில் தேடி வருவது சங்க அலுவலகத்தைத்தான்.

சங்கம் கேட்கும் விலை

நன்மையை மட்டும் பேசி உறுப்பினர் சேர்க்கும் சங்கத்தை நம்பாதீர்கள். வேலைநிறுத்தம் என்றால் சம்பளம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். முறையான அறிவிப்பு இல்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடி வேலைக்கு வராமல் இருந்தால், ஒரே நாள் வராவிட்டாலும் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பது பலருக்குத் தெரியாது. மேலே சொன்ன புதிய தொகுப்புகளில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பின்படி எந்த ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பாதித் தொழிலாளரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாகவே கருதப்படும். 'எல்லாரும் லீவு போட்டுவிடுவோம்' என்று சொல்லும் தலைவருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

போராட்டத்தைத் தொடங்குவதைவிட முடிப்பது கடினம் என்பதற்கு மும்பைப் பஞ்சாலைகளைவிடப் பெரிய சான்று இந்தியாவில் இல்லை. 1982 ஜனவரி 18 அன்று, தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் நியாயம் இருந்தது. ஆனால் அம்மாநிலச் சட்டத்தின்படி கையெழுத்திடும் உரிமை அவர்கள் பின்னால் சென்ற சங்கத்திடம் இல்லை, அவர்கள் கைவிட்ட சங்கத்திடம் இருந்தது; ஆலை முதலாளிகள் பலரும் உற்பத்தியை விசைத்தறிகளுக்கு மாற்றிக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் ஒப்பந்தம் எதிலும் முடியவில்லை. பல்லாயிரம் குடும்பங்கள் கொங்கணத்துக் கிராமங்களுக்குத் திரும்பின. ஆகவே ஒவ்வொரு போராட்டத்துக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: நம் சார்பில் சட்டப்படி கையெழுத்திடக்கூடியவர் யார்? நாம் வெளியே இருக்கும்போது இந்தப் பொருளை வேறு எங்கே செய்ய முடியும்?

இரண்டாவது கேள்வி இன்றைய மின்னணு ஆலைகளுக்கு மேலும் கூர்மையாகப் பொருந்தும். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. அங்கே சங்கம் இருந்தது, ஆலையை மூடியது சங்கமன்று. வரி வழக்கினால் அந்த ஆலை மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற முடியாமல் போயிற்று, ஆர்டர் நின்றது. மூலதனம் வெளியேற முடிவு செய்துவிட்டால், ஓர் ஆலைச் சங்கத்தால் வெளியேற்றத் தொகையைப் பற்றிப் பேச முடியுமே தவிர, கதவைத் திறந்து வைக்க முடியாது. முன்பு 100 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. இப்போது அந்த வரம்பு 300. உங்கள் ஆலையில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

யார் வெளியே நிற்கிறார்கள்?

சங்கங்களின் குறைகளில் நான் மிகப் பெரியதாகக் கருதுவது அரசியலும் அன்று, வேலைநிறுத்தமும் அன்று. உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களை மறந்துவிடுவதுதான். இது இன்று முளைத்ததன்று. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலானோர் துணையுடன் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம், கர்நாடிக் பஞ்சாலைகளை நடத்திய பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்று சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றதன் தொடர்ச்சியாகவே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும், தொழில் தகராறுக்காகச் செயல்படும் சங்கத்தின் மீது அத்தகைய வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பும் வந்தன. இந்தப் பெருமையைச் சொல்லும் வாயால் 1921ஐயும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு அதே ஆலைகளின் போராட்டத்தில், ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள்; அவர்கள் வாழ்ந்த புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று கேட்பதற்குப் பதிலாகத் துரோகிகள் என்று சொல்லிக் கடந்து போனவர்களே மிகுதி.

இன்று அந்த இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளரும், டிரெய்னிகளும், விடுதியில் தங்கும் பெண்களும், வடமாநிலத்தவரும் நிற்கிறார்கள். ஒரே லைனில் ஒரே ஸ்பேனரைப் பிடிக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ஊதிய உயர்வு வாங்கிக் கொடுத்துவிட்டு வெற்றி விழா நடத்தும் சங்கம், அடுத்த போராட்டத்தில் அந்த மற்றவர் லைனை ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வியப்படையக் கூடாது. எனவே படிவம் நீட்டுகிறவரிடம், ஒப்பந்தத் தொழிலாளரைப் பற்றிச் சங்கத்தின் நிலை என்ன என்று கேளுங்கள். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்தி எத்தனை பேருக்காக மனுப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். செயற்குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கேட்டவுடன் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர்களை நம்பலாம்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குத் திண்டுக்கல் பக்கம் ஒரு சான்று இருக்கிறது. ஓர் ஆடை ஆலையில் பணிபுரிந்த தலித் பெண் தொழிலாளி 2021இல் கொல்லப்பட்டதை அடுத்து, பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், 2022இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் தொடர்புள்ள உடன்பாடுகளை ஏற்படுத்தியது. லைனில் நடக்கும் பாலியல் தொல்லையையும் வசைச் சொல்லையும் கவனித்து முறையிட, தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிய சங்கங்கள் படிக்க வேண்டிய உடன்பாடு அது.

கணக்கும் தேர்தலும்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். சங்கத்தின் துணைவிதிகளை வாங்கிப் படியுங்கள். கடைசிப் பொதுக்குழு எப்போது கூடியது, நிர்வாகிகள் தேர்தல் கைதூக்கியா ரகசிய வாக்கிலா, ஆண்டுக் கணக்கு பதிவாளரிடம் தாக்கலாயிற்றா என்று விசாரியுங்கள். ஆலைக்கு வெளியே உள்ளவர்கள் நிர்வாகிகளாக இருக்கலாம், அது குறையன்று. அச்சமின்றிப் பேசவும் சட்டம் அறிந்து வாதாடவும் பல இடங்களில் அவர்கள்தான் துணை. ஆனால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் அவர்கள் இருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அரசியல் நிதி வசூலித்தால் அது தனிக் கணக்காக இருக்க வேண்டும். அதற்குக் கொடுக்க மறுப்பது உங்கள் உரிமை, அந்த மறுப்பைக் காரணமாகக் காட்டி உங்களைச் சங்கத்திலிருந்து ஒதுக்க முடியாது.

உங்கள் ஆலையில் சங்கமே இல்லாமல், நீங்களே தொடங்க நினைத்தால், ஏழு பேர் கையெழுத்திட்டுப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் ஆலைத் தொழிலாளரில் பத்து சதவீதத்தினரோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு மேல் நன்றாகக் கூட்டிச் சேர்த்துக்கொண்ட பிறகே விண்ணப்பியுங்கள், ஏனென்றால் இடமாற்றமும் விசாரணையும் தொடங்கியவுடன் சிலர் பின்வாங்குவார்கள், அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். தகராறு ஒன்று சமரசத்தில் நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறோடு தொடர்புள்ள நடத்தைக்காக ஒருவரைப் பணிநீக்கம் செய்ய நிர்வாகத்துக்கு முன் அனுமதி வேண்டும். அந்தப் பாதுகாப்பைக் கோரும் நாளில் கையில் இருக்க வேண்டியவை இந்த ஒப்புகைகள்தான்.

ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ள ஆலையில், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 சதவீதத்தினரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே இனிப் பேச்சுவார்த்தைக்கு உரியது. எந்தச் சங்கத்துக்கும் அந்த எண்ணிக்கை இல்லையென்றால், ஒவ்வொரு 20 சதவீதத்துக்கும் ஒரு பிரதிநிதி என்ற கணக்கில் பேச்சுவார்த்தை மன்றம் அமையும். ஆகவே ஒவ்வோர் உறுப்பினரின் பெயரும் எண்ணப்படும். எல்லாம் விசாரித்து, சேர்வதென்று முடிவெடுத்துச் சந்தா கட்டினால், ரசீது புத்தகத்தை மூடுவதற்கு முன் அடிக்கட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பெயரும், தேதியும், டோக்கன் எண்ணும் உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.